‘எஞ்சின் எங்க இருக்கு?’: புதிய இத்தாலிய கார் வந்தால் ஏன் இத்தனை சண்டை

2024 ஒக்டோபர் 17ஆம் திகதி ஃபெராரி தன்னுடைய எஃப்80 காரை வெளியே காட்டியது. அன்று இரவு ஹட்டன் டவுனுக்குக் கொஞ்சம் வெளியே இருக்கும் ஒரு கராஜில் நாங்கள் ஐந்தாறு பேர் ஒரே போனைச் சுற்றிக் குனிந்து நின்றோம். தகரக் கூரையில் ஐப்பசி மழை. பக்கத்தில் கியர் பொக்ஸ் கழற்றிய பட்டா என்ற குட்டி லொறி ஒன்று ஜாக்கில் நின்றது.

படம் திறந்து பத்து விநாடி ஆகவில்லை. “சீ, மூஞ்சியப் பாரு” என்றான் ஒரு தம்பி. கண்ணில் கறுப்புத் துணி கட்டிய மாதிரி இருந்ததாம். “வீ6 எஞ்சினா? அப்ப இது ஃபெராரியே இல்ல” என்று இன்னொருவன் கோபப்பட்டான். மூன்றாமவன் ஒன்றும் பேசாமல் படத்தைப் பெரிதாக்கி, பின்பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். கராஜ் பாஸ் கையைத் துடைத்துக்கொண்டு கடைசியாக வந்தார். (எங்கள் பக்கம் மெக்கானிக்கையும் மேசனையும்தான் பாஸ் என்போம். முதலாளி என்ற அர்த்தத்தில் இல்லை.) போனை அவர் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. “எஞ்சின் எங்க இருக்கு?” என்று மட்டும் கேட்டார்.

கார்களைப் பற்றிப் புதிதாகத் தெரிந்துகொள்ள வருகிறவருக்கு இந்தச் சண்டை விசித்திரமாக இருக்கும். செய்யப்போவதே 799 கார்கள். ஒன்றின் விலை ஏறக்குறைய 36 லட்சம் யூரோ. அது போதாதென்று, அந்த நேரத்தில் இலங்கைக்குள் சொந்தப் பாவனைக்கு எந்தக் காரையும் இறக்க முடியாது. 2020 மார்ச்சில் விழுந்த தடை 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. வாங்கவே முடியாத பொருளுக்கு ஏன் இவ்வளவு கோபம்? அழகு, அசிங்கம் என்று அவரவர் ரசனையைச் சொல்கிறார்கள் என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். ஆனால் அந்தக் கூச்சலில் முக்கால்வாசி, பாஸ் கேட்ட ஒற்றைக் கேள்வியில்தான் வந்து நிற்கிறது. எஞ்சின் எங்கே இருக்கிறது, அது எப்படிப்பட்டது என்ற இரண்டும் தெரிந்தால், யார் எதற்குக் கத்துகிறார்கள் என்பது புரிந்துவிடும்.

இடத்திலிருந்து தொடங்குவோம். நம் ரோட்டில் ஓடும் வண்டிகளிலேயே எல்லா வகையும் இருக்கின்றன. பழைய லேலண்ட் பஸ்ஸில் எஞ்சின் முன்னால், டிரைவருக்குப் பக்கத்தில். நுவரெலியாக் குளிரில் அந்த மூடிக்குப் பக்கத்து சீட்டுக்குத்தான் அடிபிடி. ஓட்டோவில் பின்னால், நாம் உட்காரும் சீட்டுக்கு அடியில். பட்டாவில் டிரைவர் சீட்டைத் தூக்கினால் எஞ்சின் தெரியும். இந்த மூன்றில் ஓட்டோவை மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். தோட்டத்து ரோட்டில் செங்குத்தான ஏற்றம் வருகிறது, பின்னால் பருத்த ஆட்கள் மூன்று பேர். முன் சில்லு லேசாகி, ஹேண்டில் காற்றில் ஆடுகிற மாதிரி இருக்கும். டிரைவர் உடனே முன்னுக்குச் சரிந்து உட்காருவார். எடை எங்கே இருக்கிறதோ அங்கேதான் வண்டியின் குணம் இருக்கிறது என்பதை எந்தப் புத்தகமும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது.

பெரிய ஸ்போர்ட்ஸ் கார்களில் எஞ்சினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால், ஆனால் பின் சில்லுகளுக்கு முன்னால் வைப்பார்கள். இதற்குப் பெயர் நடு எஞ்சின். ஏன் அந்த இடம்? கொழுந்து எடுக்கிறவர்களைப் பாருங்கள். இருபது கிலோ கொழுந்து முதுகோடு ஒட்டித் தொங்கும்போது, வழுக்கும் சரிவில்கூடச் சட்டென்று திரும்பி அடுத்த நிரைக்குப் போய்விடுவார்கள். அதே எடையை ஒரு சாக்கில் போட்டு, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு திரும்பச் சொன்னால்? திரும்பத் தொடங்குவதும் கஷ்டம், திரும்பியதை நிறுத்துவதும் கஷ்டம். உடம்பை அந்தச் சாக்கே இழுத்துக்கொண்டு போகும். காரில் ஆகக் கனமான சாமான் எஞ்சின். அது நடுவுக்குக் கிட்ட இருந்தால் கார் வளைவில் சொன்ன பேச்சைக் கேட்கும். ரம்பொடை வளைவுகளில் கனத்த மூக்கோடு ஒரு வேனை இறக்கிப் பழகியவருக்கு இதை விளக்கவே தேவையில்லை.

சரி, இதற்கும் அழகுக்கும் என்ன சம்பந்தம்? எஞ்சின் முன்னால் இருந்தால் பொனட் நீளமாகும், ஆள் உட்காரும் கூடு பின்னுக்குத் தள்ளிப்போகும். எஞ்சின் நடுவில் வந்தால் மூக்கு குட்டையாகி, கூடு முன்னுக்கு ஓடிவந்து, முதுகுப்பக்கம் பெருத்துவிடும். ஒரு படத்தில் இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, முன் சில்லுக்கும் கதவின் முன் ஓரத்துக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பார்ப்பது. தாராளமாக இருந்தால் பெரும்பாலும் எஞ்சின் முன்னால். கதவு சில்லோடு முட்டிக்கொண்டு நின்று, கதவுக்குப் பின்னால் காற்றை விழுங்கும் பெரிய வாயும் இருந்தால் நடு எஞ்சின். ‘என்ன அழகான நீள மூக்கு’ என்று ஒருவர் சொக்கும்போது, அவருக்கே தெரியாமல் அவர் எஞ்சினுக்கு ஒதுக்கிய இடத்தைத்தான் பாராட்டுகிறார்.

இதற்கு வரலாற்றிலேயே நல்ல சாட்சி உண்டு. 1965இல் தூரின் நகரக் கண்காட்சிக்கு லம்போர்கினி ஒரு காரைக் கொண்டுவந்தது. கார் என்று சொல்வதுகூடத் தப்பு. மேலே உடலே கிடையாது. வெறும் சட்டகம், சில்லுகள், நடுவில் குறுக்காகக் கிடத்திய 12 சிலிண்டர் எஞ்சின், அவ்வளவுதான். அதைச் சுற்றியே கூட்டம் கூடியது. மறுவருடம் ஜெனீவாவில் அந்தச் சட்டகம் மியுரா என்ற பெயரில் உடல் போட்டுக்கொண்டு வந்தது. வரைந்தவர் பெர்த்தோனே நிறுவனத்தில் வேலை பார்த்த மார்ச்செல்லோ கந்தீனி. டிராக்டர் செய்து பணம் பார்த்த ஃபெருச்சோ லம்போர்கினி கார்க் கம்பனி தொடங்கி அப்போது மூன்று வருடம்தான்.

ஃபெராரியின் தலைவர் என்ஸோவுக்கு இந்த இடமாற்றத்தில் அவ்வளவு விருப்பமில்லை. இழுக்கிற மாடு வண்டிக்கு முன்னால்தான் நிற்க வேண்டும் என்பது அவருடைய வாதம் என்று சொல்வார்கள். பந்தயக் கார்களில் மாட்டைப் பின்னால் கட்டச் சம்மதித்த பிறகும், பெரிய 12 சிலிண்டர் ரோட்டுக் கார்களில் பிடிவாதமாக இருந்தார். 1968இல் வந்த டேட்டோனாவுக்கு நீண்ட மூக்கு, முன்னால் எஞ்சின். மியுராவைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு அது பழைய காலத்து வண்டியாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. இன்றைக்கு அதே டேட்டோனா ரசிகர்களின் செல்லப்பிள்ளை. 2024 மே மாதம் வந்த 12 சிலிந்த்ரி என்ற ஃபெராரிக்கு முகத்தில் ஒரு கறுப்புப் பட்டை வைத்தது டேட்டோனாவின் ஞாபகத்தில்தான். எஃப்80இன் முகத்திலும் அதே பட்டைதான். தம்பி ‘கண்ணில் கட்டிய துணி’ என்றது அதைத்தான்.

காரைக் கண்டதும் வரும் முதல் பேச்சு என்றால் லம்போர்கினியின் கௌண்டாச்சை விட்டுவிட்டுப் போக முடியாது. எங்கள் பையன்கள் ‘கவுண்டர்’ என்பது போல வாய் நிறையச் சொல்வார்கள். இத்தாலியர்கள் கூன்தாச் என்கிறார்கள். அது பியெமோந்தே வட்டார மொழியில், ஒன்றைக் கண்டு அசந்துபோனால் வாயிலிருந்து தானாக விழும் சொல். நம் ‘அடேயப்பா’ போல என்று வைத்துக்கொள்ளலாம். கார் உருவாகிக்கொண்டிருந்தபோது பட்டறையில் ஒருவர் அதைப் பார்த்து அப்படிச் சொல்ல, அதுவே பெயராக நின்றுவிட்டது என்பது கந்தீனி சொன்ன கதை. ஒரு காருக்கு அதன் முதல் ரியாக்‌ஷனையே பெயராக வைத்தது இந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன். 1971இல் ஜெனீவாவில் முதல் மாதிரியைக் காட்டினார்கள். விற்பனைக்கு வந்ததன் உயரம் 107 சென்டிமீற்றர். கவ்வாத்துக்குப் போகக் காத்திருக்கும் தேயிலை நிரைக்குள் நிறுத்தினால் கூரை மட்டும்தான் தெரியும். மியுராவில் குறுக்கே கிடந்த எஞ்சினை இதில் நீளவாக்கில், கியர் பொக்ஸ் முன்னுக்கு வருகிற மாதிரித் திருப்பிப் போட்டார்கள். ஆட்களின் கூடு இன்னும் முன்னுக்குத் தள்ளுப்பட்டு, கண்ணாடியும் மூக்கும் ஒரே கோடாகச் சரிந்தது. ‘அடேயப்பா’ வந்தது அந்தக் கோட்டைப் பார்த்துத்தான். கோட்டை வரைந்தது கந்தீனி, இடம் பிடித்தது எஞ்சின்.

இடம் முடிந்தது. அடுத்து வகை. கோபம் ஆகக் கூடுதலாக வருவது இங்கேதான்.

தப்பு மேளம் அடிக்கிறவர் மெதுவாகத் தொடங்கும்போது ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கும். குச்சி வேகமெடுத்தால் அடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஒரு கட்டத்தில் அடி மறைந்து ஓசை மட்டும் நிற்கும். எஞ்சினும் அப்படித்தான். ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை வெடிக்கும். ஓட்டோவுக்கு இருப்பது ஒரே சிலிண்டர். சும்மா நிற்கும்போது அதன் அடிகளைப் பிரித்துக் கேட்கலாம். 12 சிலிண்டர் என்றால் ஒரு சுற்றுக்கு ஆறு வெடி. நிமிடத்துக்கு 9,000 சுற்று சுற்றும்போது விநாடிக்கு 900. அது வெடிச்சத்தமாகவே கேட்காது, ஒரு பாட்டுக் குரலாகிவிடும். அதே வேகத்தில் ஆறு சிலிண்டருக்கு விநாடிக்கு 450, சரியாகப் பாதி. சங்கீதம் தெரிந்தவர்கள் கணக்கைப் பிடித்திருப்பார்கள், அது ஒரு ஸ்தாயி கீழே. ‘வீ6ஆ?’ என்று அந்தத் தம்பி கோபப்பட்டதன் அடியில் இருப்பது இதுதான். தன் காதில் வைத்திருந்த பாட்டை யாரோ ஒரு ஸ்தாயி இறக்கிப் பாடிவிட்டார்கள். (‘வீ’ என்பது சிலிண்டர்கள் அந்த ஆங்கில எழுத்தின் வடிவில் இரண்டு வரிசையாக விரிந்து நிற்பதைச் சொல்வது. பின்னால் வருவது எண்ணிக்கை. அதற்கு மேல் மர்மம் ஒன்றுமில்லை.)

இன்னொரு குற்றச்சாட்டு டர்போ. எங்களூர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்கத் தலவாக்கலைக்குக் கூட்டிப்போனால் போதும். சென்கிளயர் நீர்வீழ்ச்சி ஒரு காலத்தில் எப்படி இரைந்தது என்று பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். 2012இல் மேல் கொத்மலைத் திட்டம் ஓடத் தொடங்கிய பிறகு, அந்தத் தண்ணீரில் பெரும்பங்கு சுரங்கத்துக்குள் போய், நிலத்தடி நிலையத்தில் டர்பைனைச் சுற்றிவிட்டுக் கீழே போய்ச் சேருகிறது. நாட்டுக்கு 150 மெகாவாட் கிடைத்தது, இரைச்சல் மெலிந்துபோனது. டர்போ என்பது புகைக்குழாய்க்குள் வைத்த ஒரு குட்டி மின் நிலையம். வெளியே சீறிப் போக வேண்டிய புகையை மறித்து ஒரு டர்பைனைச் சுற்ற வைக்கிறார்கள். அந்தச் சுழற்சி மறுபக்கத்தில் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கிறது. சின்ன எஞ்சினுக்குப் பெரிய பலம் வந்துவிடும், ஆனால் புகை தன் சத்தத்தில் ஒரு பங்கை டர்பைனிடம் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வரும். 2015இல் ஃபெராரி தன் 458 காருக்குப் பதிலாக டர்போ வைத்த 488ஐக் கொண்டுவந்தபோது கிளம்பிய புலம்பல் இதுதான். பலம் 570இலிருந்து 670 குதிரைத்திறனுக்கு ஏறியதை யாரும் மறுக்கவில்லை. வீழ்ச்சியின் இரைச்சல் போய்விட்டதே என்றுதான் அழுதார்கள்.

இதில் என் பக்கச்சார்பையும் சொல்லிவிடுகிறேன். மலையில் வாழ்கிறவன் டர்போவை வெறுக்க முடியாது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். கொழும்புக் காற்றைவிட இங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் கிடைத்த காற்றைத்தான் உறிஞ்சும். 12 சிலிந்த்ரிக்கு 830 குதிரைத்திறன் என்று எழுதியிருந்தாலும், அதை மேலே ஏற்றிவந்தால் நூற்றுக்கு மேல் வழியிலேயே தொலைந்துவிடும். டர்போ காற்றை அமுக்கித் தருவதால் இந்த நட்டத்தைப் பெருமளவு ஈடுகட்டும். வருடாவருடம் ஏப்ரல் வசந்த காலத்தில் மகாகஸ்தோட்டையில் நடக்கும் மலையேற்றக் கார்ப் பந்தயத்தைப் பார்க்கப் போகிறவர்கள், டர்போ விசிலடிக்க ஏறும் வண்டிகளைக் கொஞ்சம் கூர்ந்து கேளுங்கள். 12 சிலிண்டர் பாட்டு கடற்கரைக்கு நல்லது. ஏற்றத்தில் நான் விசில் கட்சி.

இனி எஃப்80க்கு வருவோம். மூன்று லீற்றர் வீ6, டர்போ, அதோடு ஹைபிரிட். ஹைபிரிட் என்றால் நமக்கு ஞாபகம் வருவது பெற்றோல் மிச்சம் பிடிக்கும் அக்வாவும் ப்ரியஸும். இங்கே மிச்சம் பிடிக்கிற பேச்சே இல்லை. எஞ்சின் 900, மின் மோட்டார்கள் 300, கூட்டினால் 1,200 குதிரைத்திறன். டர்போவிலேயும் ஒரு மின் மோட்டார் உட்கார்ந்திருக்கிறது, புகை வந்து சேரும்வரை டர்பைன் காத்திருக்கத் தேவையில்லை. ஏன் 12 சிலிண்டர் வைக்கவில்லை என்பதற்கு இரண்டு பதில். ஒன்று, லு மான் 24 மணிநேரப் பந்தயத்தை 2023லும் 2024லும் ஃபெராரிக்கு வென்று கொடுத்த 499பி காரில் இருப்பதும் மூன்று லீற்றர் வீ6தான். இரண்டாவது பதில் இதைவிட முக்கியம். சின்ன எஞ்சின் என்றால் அதைச் சுற்றியும் அடியிலும் காற்று போக வழி கிடைக்கும். எஃப்80இன் அடித்தளத்தில் அந்த வழியை நீளமாகத் தோண்டி வைத்திருக்கிறார்கள். எஞ்சினையே கொஞ்சம் சாய்த்துப் பொருத்தியிருக்கிறார்கள். மணிக்கு 250 கிலோமீற்றர் வேகத்தில் காற்று இந்தக் காரை ஒரு தொன்னுக்கு மேற்பட்ட பாரத்தால் ரோட்டோடு அழுத்துகிறது. ஒரு பட்டா நிறைய ஏற்றும் பாரம், காசில்லாமல் காற்றே ஏற்றிவிடுகிறது. அன்றிரவு பேசாமல் பின்பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்த மூன்றாமவன் தேடியது இந்த வழியைத்தான். மூவரில் உண்மையாகவே காரைப் பார்த்தவன் அவன்தான்.

அப்புறம், ‘12 சிலிண்டர் இல்லாவிட்டால் ஃபெராரியின் உச்சக் கார் இல்லை’ என்ற கட்சிக்கு ஒரு சின்னக் கணக்கு. எஃப்80க்கு முன் அந்த வரிசையில் வந்தவை ஐந்து: 1984இல் 288 ஜிடிஓ, 1987இல் எஃப்40, 1995இல் எஃப்50, 2002இல் என்ஸோ, 2013இல் லாஃபெராரி. கடைசி மூன்றுக்குத்தான் 12 சிலிண்டர். முதல் இரண்டும் எட்டு சிலிண்டர், டர்போ வேறு. ரசிகர்கள் சாமி கும்பிடுகிற எஃப்40 டர்போ கார்தான். வீ6 கூட ஃபெராரிக்குப் புதிதில்லை. இளம் வயதில் இறந்த தன் மகன் தீனோவின் பெயரில் என்ஸோ செய்த குட்டிக் கார்களில் இருந்ததும் நடுவில் வைத்த வீ6தான். ஆனால் அவற்றில் ஃபெராரி என்ற பெயரை அவர் ஒட்டவில்லை. அதைச் சொன்னால் எதிர்க்கட்சிக்கு இன்னொரு பிடி கிடைத்துவிடும் என்பதால் கராஜில் நான் வாயைத் திறக்கவில்லை.

சென்ற வருடம், 2025 செப்டெம்பரில், அடுத்த சண்டை வந்தது. 849 தெஸ்தரோஸா. இந்தத் தடவை கோபம் பெயரின் மேல். தெஸ்தரோஸா என்றால் செந்தலை. எஞ்சினின் தலைமூடிக்குச் சிவப்பு வர்ணம் அடித்த பழைய பந்தயக் காரிலிருந்து வந்த பெயர். ஆக, பெயரே எஞ்சினின் பெயர். 1984இல் வந்த தெஸ்தரோஸாவில் 12 சிலிண்டர்கள் படுத்துக் கிடந்தன, புதியதில் எட்டுத்தான். “ஆள் மாறாட்டம்” என்று கத்தினான் அதே வீ6 தம்பி. பழையதன் கதவில் சீப்பால் கீறியது போல நீளக் கோடுகள் ஓடுமே, அது புதியதில் இல்லை என்று மற்றவனுக்கு வருத்தம். அந்தக் கோடுகள் வந்த கதையும் அலங்காரக் கதை இல்லை. அதற்கு முந்திய காரில் ரேடியேட்டர் முன்னால், எஞ்சின் பின்னால். சுடுதண்ணீர்க் குழாய்கள் ஆள் உட்காரும் இடத்தைக் கடந்து போனதால் உள்ளே வெந்துபோனார்கள். தெஸ்தரோஸாவில் ரேடியேட்டர்களை இரண்டு பக்க விலாவுக்குக் கொண்டுபோனார்கள். அதனால் பின்பக்கம் ஏறக்குறைய இரண்டு மீற்றர் அகலமானது, காற்று வாய்க்குக் குறுக்கே சட்டங்கள் வந்தன. லேலண்ட் பஸ்ஸில் எஞ்சின் மூடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பண்டாரவளை வரை போனவருக்கு அந்த வேக்காடு தெரியும்.

இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது, அன்றைக்கு ‘மூஞ்சியப் பாரு’ என்ற தம்பி புதுப் படத்தைக் காட்டப் போனை நீட்டினான். திரையில் வால்பேப்பராக எஃப்80 நின்றது, கறுப்புப் பட்டையோடு.

“இது எப்பலருந்துடா?” என்றேன்.

“அது நல்லாத்தானே இருக்கு அண்ணே. இந்தப் புதுசுதான் கேவலம்.”

பட்டாவுக்கு அடியில் படுத்திருந்த பாஸ் வெளியே வரவில்லை. “எஞ்சின் எங்க இருக்காம்?” என்ற குரல் மட்டும் வந்தது.